செருப்பைக் கழற்றிவிட்டு ஏறிய வண்டி

இந்தத் தாள் யார் கையில் கிடைத்தாலும் உங்களைக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன், யாரிடமும் காட்டாதீர்கள். முக்கியமாக என் சித்தப்பாவிடம் காட்டாதீர்கள். படிக்காமல் இருக்க முடியவில்லை என்றால் படித்துக்கொள்ளுங்கள். படித்துவிட்டு இருந்த இடத்திலேயே மடித்து வைத்துவிடுங்கள். இது எங்கள் அப்பாவுக்கு எழுதியது. அவர் இறந்து எட்டு மாதம் ஆகிறது.

என் தங்கமான அப்பாவுக்கு,

நான்தான். பயமாக இருக்கிறது. முதலிலேயே அதைச் சொல்லிவிட்டால் எழுத்து நேராக வரும் என்று நினைத்தேன். வரவில்லை. எழுத்து கோணலாக இருந்தால் திட்டாதே.

உன் ஜீப்பின் ஆர்.சி. புத்தகத்தை நான் ஒளித்து வைத்திருக்கிறேன்.

திங்கட்கிழமையிலிருந்து அது என் அறிவியல் ரெக்கார்டு நோட்டின் பழுப்பு அட்டைக்குள் இருக்கிறது. மூன்று நாளாகப் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப் போய் எடுத்து வருகிறேன். நேற்று டீச்சர் எல்லாருடைய ரெக்கார்டையும் கையெழுத்துப் போட வாங்கினார்கள். என்னுடையதைத் தூக்கிப் பார்த்து, "இன்னாடி இது, உன் நோட்டு மட்டும் இவ்ளோ கனமா இருக்கு, ஜாஸ்தி படிச்சிட்டியா?" என்று கேட்டார்கள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

நாளைக் காலை ஆறு மணிக்குச் சித்தப்பா உன் ஜீப்பை வேலூருக்கு ஓட்டிப் போகிறார். அங்கே ஷோரூமில் அதை விட்டுவிட்டு ஒரு பெரிய புது வண்டியை எடுத்து வரப்போகிறார். புத்தகம் இல்லாமல் ஜீப்பை அவர்கள் வாங்கிக்கொள்ள மாட்டார்கள். அதற்காகத்தான் ஒளித்தேன். இப்போது என்ன செய்வதென்று தெரியவில்லை. உன்னைத் தவிர வேறு யாரிடம் கேட்பேன்?

சித்தப்பாவைக் கெட்டவராக நினைத்துவிடாதே. நீ போனதிலிருந்து ஒருநாள் விடாமல் மலைக்கு ஓட்டினார். செங்கம் போய், அங்கிருந்து மேலே ஏறி, உன்னைப் போலவே புளி மூட்டையையும் சாமை மூட்டையையும் ஆட்களையும் ஏற்றி இறக்கினார். மூன்றாம் மாதமே முதுகு போய்விட்டது. ஆஸ்பத்திரியில் முதுகெலும்பில் தட்டு விலகியிருக்கிறது என்று சொன்னார்கள். தினமும் சாயங்காலம் நான் உப்பை வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுக்கிறேன். குப்புறப் படுத்துக்கொண்டு, "உங்கப்பனுக்கு இரும்பு முதுகு பாப்பா, எனக்கு அப்பளம்" என்பார்.

அம்மா இப்போதும் அதே விடுதியில்தான் துணி துவைக்கிறாள். ஆசிரமத்துக்கு வரும் வெள்ளைக்காரர்கள் ஜாஸ்தி ஆகிவிட்டார்கள். விடுதிக்காரர் சித்தப்பாவைக் கூப்பிட்டு, ஏசி வண்டி ஒன்று வாங்கினால் தன் ஆட்களையெல்லாம் மெட்ராஸ் ஏர்போர்ட்டிலிருந்து கூட்டிவர அவருக்கே கொடுப்பதாகச் சொன்னார். "இருக்கற ஜீப்பிலயே கூட்டினு வரேங்க" என்றார் சித்தப்பா. அதற்கு விடுதிக்காரர், "யோவ், அவங்க மோட்சத்துக்குத்தான் வராங்க, இல்லன்னு சொல்லல. ஆனா உன் ஜீப்புல ஏறினா திண்டிவனத்துலயே கெடைச்சிடும்" என்றார். அம்மா வீட்டுக்கு வந்து சொல்லி அப்படிச் சிரித்தாள். நீ போனபிறகு அவள் சிரித்தது அன்றைக்குத்தான்.

அப்புறம் போன ஞாயிற்றுக்கிழமை ஷோரூமிலிருந்து ஒரு வண்டியை ஓட்டிப் பார்க்க அனுப்பினார்கள். கூடவே ஒருவர் வந்தார். ஐம்பது வயதிருக்கும், கழுத்தில் டை. அதை அடிக்கடி கன்றுக்குட்டி கயிற்றை இழுப்பதுபோல இழுத்துக்கொண்டே இருந்தார். சித்தப்பா, "எங்க மலையில ஏறிக் காட்டினாத்தான் வாங்குவேன்" என்று சொல்லிவிட்டார். நானும் அம்மாவும் கூடப் போனோம்.

வெள்ளை வண்டி அப்பா. நம் வாசலில் நின்றபோது எதிர்வீட்டு ஜன்னல் தெரியவில்லை. நாலு சக்கரமும் இழுக்குமாம், உன் ஜீப்பைப் போலவே. உள்ளே புதுச் செருப்புக் கடை வாசனை. தரை முழுக்கச் சாம்பல் நிறக் கம்பளம், சீட்டெல்லாம் மெத்தை. டை கட்டியவர் கதவைத் திறந்து கம்பளத்தைத் தடவிக் காட்டினார். "வீட்ல நடு ஹால்ல உக்காந்த மாதிரி இருக்கும்மா."

அம்மா குனிந்து பார்த்தாள். பிறகு கேட்டாள்:

"இத்த எப்பிடிங்க தொவைக்கறது?"

அவர் முழித்தார். "தொவைக்கறதா? அதுக்கு மிஷின் இருக்கு. ஷோரூமுக்கு எடுத்தாந்தா ஷாம்பூ போட்டுக் கொடுப்பாங்க."

"மசக்கைக்காரி ஒருத்தி மலை வளைவுல வாந்தி எடுத்தா?"

"அவங்களை எதுக்கும்மா இதுல ஏத்தறீங்க?"

அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். எனக்கு உன் ஜீப்பின் தரை ஞாபகம் வந்தது. வெறும் தகரம், நடுவில் ஒரு துளை, அதற்கு ஒரு ரப்பர் மூடி. ராத்திரி நீ மூடியைப் பிடுங்கிவிட்டு நாலு வாளி தண்ணீரை ஊற்றுவாய். புளிப்பிசுக்கு, ஆட்டுப் புழுக்கை, ரத்தம், எதுவானாலும் அந்தத் துளை வழியாகப் போய்விடும். வண்டி காலையில் யாருக்கும் சொந்தமில்லாததுபோல நிற்கும்.

பொய் சொல்ல மாட்டேன், புது வண்டி நன்றாக ஏறியது. உன் ஜீப் மூச்சு வாங்கும் கொண்டையூசி வளைவுகளில் அது பாட்டுப் போட்டுக்கொண்டு ஏறியது. சித்தப்பாவின் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். பாதி மலையில், "அண்ணி, முதுகுன்னு ஒண்ணு இருக்கறதே தெரியல" என்றார். சின்னப் பையனைப் போலச் சொன்னார். எனக்கு அழுகை வந்தது. அந்த நிமிஷம் நானும் அந்த வண்டியை வாங்கிவிடலாம் என்றுதான் நினைத்தேன்.

மேலே பலாமரத்தூருக்கு மண்பாதை பிரியும் இடத்தில் ஒரு பச்சைக் கொப்பு நட்டிருந்தது. சித்தப்பா வண்டியை நிறுத்தினார்.

"இன்னா சார் இது, வேலியா?" என்றார் டை கட்டியவர்.

"மேல யாருக்கோ முடியலன்னு அர்த்தம். ஊர்ல போன் இல்ல. கொப்பு நட்டிருந்தா வண்டி மேல வரணும்."

"எந்த வண்டி?"

"எங்க வண்டிதான். வேற எது வரும்?"

சித்தப்பா இறங்கி, நீ செய்வதைப் போலவே கொப்பைப் பிடுங்கிப் பானெட்டின் மேல் வைக்கப் போனார். டை கட்டியவர் ஓடி வந்து, "பெயிண்ட்டு, பெயிண்ட்டு!" என்றார். சித்தப்பா கொப்பைக் கையிலேயே வைத்துக்கொண்டு வந்தார்.

மேலே காளி அண்ணனின் அப்பாவுக்குத்தான் முடியவில்லை. பலாமரத்திலிருந்து விழுந்து இடுப்பு எலும்பு போயிருந்தது. வழக்கம்போலக் கயிற்றுக் கட்டிலில் படுக்கவைத்து, கட்டிலோடு பாதைக்குத் தூக்கி வந்திருந்தார்கள். உன் ஜீப்பில் இருபக்கப் பலகைகளையும் மடக்கிவிட்டால் கட்டில் அப்படியே உள்ளே போகும். கால்மாடு கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், பின்கதவை இறக்கி அதன்மேல் வைத்துக் கயிற்றால் கட்டிவிடுவாய். படுத்திருப்பவரை யாரும் தொடவே வேண்டாம். இதற்காகத்தானே வாங்கிய வருஷமே பின்சீட்டு மெத்தையையெல்லாம் பிய்த்துப் போட்டாய்?

புது வண்டியில் கட்டில் போகவில்லை. நாலு பேர் நேராக வைத்துப் பார்த்தார்கள். சாய்த்துப் பார்த்தார்கள். பின்னால் இரண்டு சீட்டு, அது மடங்கவில்லை. "பையத் தூக்குங்க, மேலே லைனிங் கிழிஞ்சிடும்" என்று டை கட்டியவர் சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் கெட்ட மனிதர் இல்லை. அந்தத் துணி கிழிந்தால் அவர் சம்பளத்தில் பிடிப்பார்களாம். கடைசியில் அந்தத் தாத்தாவைக் கட்டிலிலிருந்து எடுத்து, சீட்டில் உட்காரவைத்தார்கள். இடுப்பு உடைந்தவரை உட்காரவைத்தார்கள் அப்பா. அவர் கத்தவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டார். அது கத்துவதைவிட மோசமாக இருந்தது.

கூடப் போக நாலு பேர் ஏறினார்கள். அப்போதுதான் அது நடந்தது. காளி அண்ணன் முதலில் ஒரு காலை உள்ளே வைத்தார். கம்பளத்தைப் பார்த்தார். காலை வெளியே எடுத்து, செருப்பைக் கழற்றிப் பலாமரத்தடியில் விட்டுவிட்டு ஏறினார். அவரைப் பார்த்து அடுத்தவர் கழற்றினார். பிறகு எல்லாரும். கோயிலுக்கு வெளியே விடுவதுபோல ஜோடி ஜோடியாக வரிசையாக விட்டார்கள். யாரும் கழற்றச் சொல்லவில்லை. சித்தப்பாவும் அம்மாவும் நானும் செருப்போடுதான் உட்கார்ந்திருந்தோம். நான் என் காலைச் சீட்டுக்கு அடியில் இழுத்துக்கொண்டேன்.

கிளம்புவதற்கு முன்னால் காளி அண்ணன் சம்சாரம் மல்லிகாக்கா என் பக்கத்துக் கண்ணாடியைத் தட்டினாள். உனக்கு அவளைத் தெரியும், கல்யாணத்துக்குப் பெண்ணழைத்துப் போனதே உன் ஜீப்பில்தான். இப்போது நிறைமாதம். கண்ணாடியை இறக்கத் தெரியாமல் நான் தடுமாறினேன். இறங்கியதும் அவள் மெதுவாகக் கேட்டாள்.

"பாப்பா, எனக்கு வலி எடுத்தா இந்த வண்டிதான் வருமா?"

"ஏன்க்கா?"

"இதுல எப்பிடிப் படுக்கறது? ரத்தம் கித்தம் பட்டுட்டா உங்க சித்தப்பாவுக்குக் கஷ்டம் இல்ல? அப்பிடின்னா நான் இப்பவே மலை இறங்கிப் போய் செங்கத்துல எங்கனா தங்கிக்கறேன்."

"இல்லக்கா. ஜீப்புதான் வரும்."

"சத்தியமா?"

"எங்கப்பா மேல சத்தியம்."

சொல்லிவிட்டேன் அப்பா. வாயில் வந்துவிட்டது. செத்துப்போனவர் மேல் சத்தியம் பண்ணலாமா? பண்ணினால் அது யாரைப் பிடிக்கும்? உனக்கு ஏதாவது ஆகுமா?

மலையிறங்கும் வழியெல்லாம் வண்டிக்குள் சத்தமே இல்லை. உன் ஜீப்பில் இவர்கள் எப்படி வருவார்கள்! சண்டை போடுவார்கள், வெற்றிலை கேட்பார்கள், உன்னை வம்புக்கு இழுப்பார்கள். அன்று நாலு பேரும் சீட்டில் சாயக்கூட இல்லை. நுனியில் உட்கார்ந்து, கையை மடியில் வைத்துக்கொண்டு, தங்கள் கால்களைப் பார்த்தபடி வந்தார்கள். நடுவில் தாத்தா மட்டும் யார்மேலாவது சாய வேண்டியிருந்தது. அவர் அம்மாவின் மேல் சாய்ந்துகொண்டார்.

செங்கம் ஆஸ்பத்திரி வாசலில் இறங்கியபோது மதியம் பன்னிரண்டு மணி. பங்குனி வெயிலில் தார் கொதித்தது. தாத்தாவை ஸ்ட்ரெச்சரில் ஏற்றிவிட்டு நாலு பேரும் வெறுங்காலோடு துள்ளித் துள்ளி நிழலுக்கு ஓடினார்கள். சித்தப்பா முதலில் சிரித்துவிட்டார்.

"செருப்பு எங்கய்யா காளி?"

"ஊர்லயே வுட்டுட்டோம்ண்ணே. உள்ள மெத்தை விரிச்சிருந்தீங்களே, எப்பிடி மிதிக்கறது?"

"வுட்டா, கையில எடுத்துனு வரக்கூடாதா?"

"அழுக்குச் செருப்பை அதுக்குள்ள எங்க வெக்கறது?" காளி அண்ணனும் சிரித்தார். "போய்ப் பாத்தா, எங்களைக் காணோம்னு அதுங்களே நடந்து பாதி வழி வந்திருக்கும்."

சித்தப்பாவின் சிரிப்பு நின்றுவிட்டது. தன் செருப்பைக் கழற்றி காளி அண்ணனிடம் தள்ளினார். அவர் வாங்கவில்லை. அப்புறம் தலையைச் சொறிந்துகொண்டு, "அண்ணே, நீங்க இத்த வாங்கறதா இருந்தா ஜீப்பை எங்க ஊருக்கே குடுத்துடுங்க. எங்க பங்காளி ஒருத்தன் டிராக்டர் ஓட்டறான், அவன் ஓட்டிப்பான். புளி எடுத்ததும் எல்லாரும் சேந்து எப்பிடியாவது குடுத்துடறோம்" என்றார். சித்தப்பா, "பாக்கலாம்" என்றார். சித்தப்பாவின் 'பாக்கலாம்' உனக்குத் தெரியும்.

அங்கிருந்து திருவண்ணாமலைக்கு வீடு திரும்பும்போது சித்தப்பா ஓட்டிக்கொண்டே கேட்டார். "ஏன் சார், இதே எஞ்சின்தான். மெத்தை வாணாம், ஏசி வாணாம். கட்டில் போற மாதிரி பின்னால தொறந்து வுட்டு ஒண்ணு செய்ய மாட்டீங்களா? முன்ன செஞ்சீங்களே?"

டை கட்டியவர் டையைக் கழற்றி மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். அதற்கப்புறம் வேறு ஆளாகப் பேசினார்.

"சார், நான் இருபது வருஷம் கம்பெனிப் பட்டறையில ஸ்பேனர் புடிச்சவன். முட்டி போயிடுச்சுன்னு சேல்ஸ்ல போட்டாங்க. உண்மையச் சொல்றேன், ஷோரூம்ல சொல்லிடாதீங்க. உங்க அண்ணன் ஜீப்பை எப்போ வாங்கினாரு?"

"எண்பத்தொம்போதுல. இந்தப் பாப்பா பொறந்த வருஷம்."

"அதுக்கப்புறம் எங்க பக்கம் வந்தாரா?"

"எதுக்கு வரணும்? எது போனாலும் செங்கத்துல பாய் பட்டறையில போட்டுப்பாரு. பாதி அவரே கழட்டி மாட்டுவாரு."

"அதான் சார். பதினஞ்சு வருஷம் ஒரே வண்டி, ஒரு பைசா எங்களுக்கு வரல. இந்த வண்டி வாங்கறவரு நாலு வருஷத்துல கலர் புடிக்கலன்னு மாத்துவாரு. நடுவுல ஒரு ஆணி கழண்டாலும் எங்ககிட்டதான் வரணும், பாய் கை வெக்க முடியாது, உள்ள கம்ப்யூட்டர். இரும்பு ரெண்டுலயும் இரும்புதான். மேல போடற மெத்தையிலதான் எங்க சாப்பாடு."

"அப்போ இந்த நாலு சக்கர இழுப்பு யாருக்கு? டவுன்ல ஓட்டறவனுக்கு எதுக்கு?"

"யாருக்குமில்ல. அதுக்குப் போடற இந்தக் குட்டி கியர் கம்பி இருக்கு பாருங்க, வாங்கறவங்க ஒருத்தரும் தொட்டதில்ல. ஒருத்தர் கேட்டாரு, இது இன்னா, குடை மாட்டறதுக்கான்னு. காடு மலையெல்லாம் போகலாம்ங்கற நெனப்பு இருந்தாப் போதும் அவங்களுக்கு. போக வேண்டியதில்ல."

சித்தப்பா சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. பின்னாலிருந்து கேட்டாள். "ஏறுறவங்க கஷ்டம் உங்க கம்பெனிக்குத் தெரியாதுங்களா?"

"ஏறுறவங்க ஷோரூமுக்கு வரதில்லையேம்மா. வாங்கறவங்கதான் வராங்க. வந்து மெத்தையைத்தான் அழுத்திப் பாக்கறாங்க."

இதையே மூன்று நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். பதினைந்து வருஷத்தில் உன் ஜீப்பில் எத்தனை பேர் ஏறி இறங்கியிருப்பார்கள்? அத்தனை பேரில் கம்பெனிக்குத் தெரிந்தது உன் ஒருவனை மட்டும்தான். நீயும் திரும்பிப் போகவில்லை. அப்படியென்றால் அவர்களுக்கு மலையில் யாருமே இல்லை. தப்பு யாருடையது என்று யோசித்தால் எனக்குப் பிடிபடவில்லை. அவர்கள் யாரையும் ஏறக்கூடாது என்று சொல்லவில்லை. ஒரு கம்பளத்தை விரித்தார்கள், அவ்வளவுதான்.

வீட்டு வாசலில் இறங்கும்போது சித்தப்பா, "ஜீப்பை எடுத்துனு இன்னா பண்ணுவீங்க?" என்று கேட்டார். டை கட்டியவர் உன் ஜீப்பைச் சுற்றிவந்து, பானெட்டைத் தட்டிப் பார்த்தார். மாட்டைத் தட்டுவதுபோல ஆசையாகத் தட்டினார். "உடைச்சிடுவாங்க சார். வித்தா இன்னும் பத்து வருஷம் எவனாவது ஓட்டுவான். அதுவரைக்கும் புதுசு வாங்க மாட்டான். இது ரோட்ல இல்லாம போறதுதான் எங்களுக்கு லாபம். அதுக்காகத்தான் பழசு குடுத்தா புதுசு வெலையில தள்ளிக் குடுக்கறாங்க."

சித்தப்பா அன்று ராத்திரி சாப்பிடவில்லை. திங்கட்கிழமை காலையில் விடுதிக்காரர் ஆள் அனுப்பினார், அடுத்த வாரம் பன்னிரண்டு பேர் வருகிறார்கள், வண்டி உண்டா இல்லையா என்று. சித்தப்பா முதுகைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "உண்டு" என்று சொல்லி அனுப்பினார். நான் உடனே போய் பீரோவிலிருந்து புத்தகத்தை எடுத்துக்கொண்டேன்.

அதில் உன் பெயருக்குக் கீழே இப்போது அம்மா பெயரை எழுதியிருக்கிறார்கள். வேங்கிக்கால் ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு நாலு நாள் அலைந்து மாற்றினோம். உன் பெயரின்மேல் ஒரு கோடு போட்டிருக்கிறார்கள். படிக்க முடிகிறமாதிரி மெல்லிய கோடுதான், கவலைப்படாதே.

இன்று சாயங்காலம்தான் எல்லாம் மோசமாகிவிட்டது. சித்தப்பா புத்தகத்தைத் தேடினார். பீரோ, பெட்டி, சாமி படத்துக்குப் பின்னால், எல்லா இடமும். பிறகு அம்மாவிடம் வந்தார்.

"அண்ணி, வண்டி உங்க பேர்ல இருக்கு. குடுக்க இஷ்டம் இல்லன்னா மூஞ்சிக்கு நேரா சொல்லியிருக்கலாம்."

"நான் எதுக்குய்யா ஒளிக்கப் போறேன்?"

"பின்ன யாரு, அண்ணன் வந்து எடுத்துனு போனாரா?"

அம்மா ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து அவர் முன்னால் கவிழ்த்தாள். மிளகாய், பருப்பு. கடைசியில் அரிசி டிரம்மைச் சாய்த்துவிட்டாள். தரை முழுக்க அரிசி. "பாத்துக்கோ, எங்க ஒளிச்சி வெச்சிருக்கேன்னு பாத்துக்கோ" என்றாள். நான் கதவோரம் ரெக்கார்டு நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றேன். வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. நான் இவ்வளவு கோழை என்று எனக்கே தெரியாது.

கொஞ்ச நேரம் கழித்துச் சித்தப்பா கீழே உட்கார்ந்து அரிசியை அள்ள ஆரம்பித்தார். அவரால் குனிய முடியாது, நீ பார்த்ததில்லை, நீ போனபிறகு வந்த வலி. ஒரு கையைத் தரையில் ஊன்றிக்கொண்டு மறுகையால் அள்ளினார். அம்மாவும் உட்கார்ந்தாள். நானும். மூன்று பேரும் அள்ளினோம். ஒரு சமயம் சித்தப்பா, "அந்த வெள்ளை வண்டியில போயிட்டு வந்த அன்னிக்கு ராத்திரி நல்லா தூக்கம் வந்துச்சு அண்ணி" என்றார். அண்ணி என்றாலும் அது யாரிடமும் சொன்னதுபோல இல்லை.

எல்லாரும் படுத்தபிறகு அடுக்களையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். தாழ்ப்பாள் போட்டிருக்கிறேன். பரீட்சைக்கு இன்னும் மூன்று வாரம்தான், படிக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

முதலில் எழுத உட்கார்ந்தபோது உன் ஜீப்பை உடைத்துவிடுவார்களே என்றுதான் அழுதேன். எழுத எழுத ஒன்று தெரிந்தது. நீ அந்த ஜீப்பை ஒருநாளும் கொஞ்சியதில்லை. அதற்குப் பொட்டு வைத்ததுகூட ஆயுதபூஜைக்கு மட்டும்தான். 'தகரம்' என்றுதான் சொல்வாய். அது உடைந்தால் நீ வருத்தப்படப் போவதில்லை. ஆனால் பலாமரத்தூரில் ஒருத்தி கட்டிலில் படுத்துக்கொண்டு, வண்டி சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தால்? அதற்கு நீ என்ன சொல்வாய்?

புத்தகத்தை ஒளித்ததால் மல்லிகாக்காவுக்கு எந்த நன்மையும் நடக்கவில்லை. அம்மாவுக்குத்தான் கெட்ட பெயர். சித்தப்பாவுக்கு இன்னும் யாரும் சொல்லவே இல்லை, நான் கொடுத்த வாக்கைப் பற்றி. அவர் மலையில் பார்த்ததையெல்லாம் நானும் பார்த்தேன். ஆனால் அவள் கண்ணாடி வழியாகக் கேட்டதை நான் மட்டும்தான் கேட்டேன். அவருக்குத் தெரியாத விஷயத்துக்காக நான் அவர்மேல் கோபமாக இருக்கிறேன். இது நியாயமா?

அதனால் அப்பா, உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். இதுவும் சத்தியம்தான், ஆனால் யார் மேலும் இல்லை. நாளைக்கு அவர் எழுந்ததும் புத்தகத்தை நானே அவர் கையில் கொடுப்பேன். அம்மா இல்லை, நான்தான் என்று சொல்வேன். அடித்தால் அடிக்கட்டும். பிறகு மல்லிகாக்கா கேட்டதைச் சொல்வேன். நீங்க வெள்ளை வண்டி வாங்கிக்கோங்க சித்தப்பா, உங்க முதுகுக்கு அது வேணும், ஆனா ஜீப்பைக் கம்பெனிக்குக் குடுக்காதீங்க, காளி அண்ணன் ஊருக்குக் குடுத்துடுங்க, புதுசு வெலையில கம்மி பண்ணாம போனா நான் லீவுல அம்மாகூட துணி துவைக்கிறேன் என்று சொல்வேன். அழாமல் சொல்ல வேண்டும். அதுதான் கஷ்டம். இப்போதே இரண்டு தடவை சொல்லிப் பார்த்தேன், இரண்டு தடவையும் 'முதுகு' என்ற இடத்தில் அழுகை வந்துவிட்டது. இன்னொரு தடவை

தட்டுகிறார்கள்.

சித்தப்பாதான். "பாப்பா, இன்னும் படிக்கறியா? கதவத் தொற. தூக்கம் வரல, உப்பு வறுத்துத் தரியா?" என்கிறார்.

காலைவரை இருக்க வேண்டாம் என்று தோன்றுகிறது. புத்தகத்தை அட்டையிலிருந்து உருவி எடுத்துவிட்டேன். கையில்தான் இருக்கிறது. தாழ்ப்பாளைத் திறக்கப் போகிறேன் அப்பா

உன் மகள்